எச்சரிக்கையை யார் சொன்னால் நம்புவார்கள்? அமெரிக்காவின் லத்தீனோ குடியேறிகளும் பேரிடர் முன்னேற்பாடும்

1987 மே 22, வெள்ளிக்கிழமை மாலை. டெக்சாஸ் மாநிலத்தின் மேற்கே சரகோசா என்கிற சின்ன ஊர். சில நூறு பேர்தான் அங்கே வாழ்ந்தார்கள். பெரும்பாலும் மெக்சிகோ வழி வந்த குடும்பங்கள். வீட்டுப் பேச்சு ஸ்பானிஷ். அன்று ஊரில் விசேஷம். பாலர் வகுப்பை முடித்த குழந்தைகளுக்குப் பட்டமளிப்பு விழா. பெற்றோர், தாத்தா பாட்டி என்று எல்லோரும் கத்தோலிக்க ஆலயத்தின் குவாதலூப்பே மண்டபத்தில் கூடியிருந்தார்கள். இரவு எட்டேகால் மணி வாக்கில் டொர்னேடோ என்கிற சுழற்காற்று ஊரை வழித்தெடுத்துக்கொண்டு போனது. 30 பேர் இறந்தார்கள், நூறு பேருக்கு மேல் காயம். இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்த மண்டபத்தில் இருந்தவர்கள். குழந்தைகளை மேசைக்கும் பெஞ்சுக்கும் அடியில் தள்ளிவிட்டு, அவர்கள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்ட பெரியவர்களும் அதில் உண்டு.

வானிலை நிலையம் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. காற்று ஊரைத் தொடுவதற்குச் சுமார் 20 நிமிடம் முன்பே எச்சரிக்கை வெளியாகிவிட்டது. ஆங்கிலத் தொலைக்காட்சி அதைச் சொன்னது. ஊர்க்காரர்கள் பார்த்ததோ கேபிள் வழியாக வந்த ஸ்பானிஷ் சேனல். நாடு முழுவதற்கும் ஒரே நிகழ்ச்சியை ஒளிபரப்பும் அந்தச் சேனலில், சரகோசா இருக்கும் ரீவ்ஸ் கவுண்டியின் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) வானிலைக்கு இடமில்லை. பக்கத்து ஊர் வானொலி ஸ்பானிஷில் சொல்ல முயன்றது. ஆனால் உடனே பதுங்க வேண்டிய அவசரம் அதில் தொனிக்கவில்லை. பின்னர் அங்கே ஆய்வு செய்த சமூகவியலாளர்கள் எழுதியது சுருக்கமாக இதுதான்: எச்சரிக்கை கொடுக்கப்பட்டது, அந்த மக்களிடம் போய்ச் சேரவில்லை.

அமெரிக்காவில் குடியேறிகளுக்கான பேரிடர் முன்னேற்பாட்டைப் பற்றிப் பேசும் எவரும் இன்றுவரை சரகோசாவைத் தொட்டுவிட்டே மேலே போகிறார்கள். ஆனால் அந்தச் சம்பவத்திலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம் பாதிதான் என்பது என் கருத்து. "ஸ்பானிஷில் மொழிபெயர்த்துவிட்டால் போதும்" என்று புரிந்துகொண்டு அரசு அலுவலகங்கள் முப்பது வருடமாகத் துண்டுப் பிரசுரங்களை அச்சடித்தன. தகவல் கிடைத்த பிறகும் மக்கள் ஏன் அசையவில்லை, ஏன் முகாமுக்கு வரவில்லை என்ற கேள்விக்கு அந்தப் பிரசுரங்களில் விடை இல்லை. ஒரு தகவலை நம்பி வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டுமென்றால், சொல்கிறவரை முன்பே தெரிந்திருக்க வேண்டும். போகிற இடத்தில் தனக்குத் தீங்கு வராது என்ற உறுதியும் வேண்டும். இந்த இரண்டையும் பேரிடர் வந்த அன்று உண்டாக்க முடியாது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க நாடுகளின் வழி வந்தவர்கள், 6 கோடியே 20 லட்சத்துக்கு மேல். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வேறு நாட்டில் பிறந்து வந்தவர்கள். ஒரே வீட்டுக்குள் குடியுரிமை பெற்ற பிள்ளை, கிரீன் கார்டு வைத்திருக்கும் அம்மா, எந்தக் காகிதமும் இல்லாத அப்பா என்று மூன்று நிலையில் ஆட்கள் இருப்பது மிகச் சாதாரணம். இந்தக் கலப்புக் குடும்பத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதையெல்லாம் யோசிக்க வேண்டும்.

முதலில், இவர்களுக்குப் பேரிடர் புதிதல்ல. 1989 அக்டோபர் 17 அன்று வடக்குக் கலிபோர்னியாவை உலுக்கிய லோமா பிரியெட்டா நிலநடுக்கத்தில் வாட்சன்வில் நகரம் கடுமையாக அடிபட்டது. ஸ்ட்ராபெர்ரி தோட்டங்களிலும் காய்கறி பதனிடும் ஆலைகளிலும் உழைத்த மெக்சிகோக்காரர்கள் நிறைந்த ஊர் அது. செஞ்சிலுவைச் சங்கம் கட்டடங்களுக்குள் முகாம் திறந்தது. குடும்பங்கள் அங்கே போக மறுத்து, பூங்காக்களில் போர்வையையும் தார்ப்பாயையும் கட்டிக்கொண்டு படுத்தன. அதிகாரிகளுக்கு இது பிடிவாதமாகத் தெரிந்தது. அந்த மக்களுக்கு அது அனுபவம். நான்கே வருடம் முன்பு, 1985 செப்டம்பர் 19 அன்று, மெக்சிகோ நகரில் அடுக்குமாடிகள் அப்பளமாக நொறுங்கி ஆயிரக்கணக்கானோர் இறந்ததை அவர்கள் அறிவார்கள். மறுநாள் வந்த பின்னதிர்வையும் அறிவார்கள். கூரைக்குக் கீழே உறங்க மாட்டோம் என்பதில் என்ன அறியாமை இருக்கிறது? 1994 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தபோதும் இதே காட்சி. மத்திய அமெரிக்காவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்தவர்கள் பூங்காக்களில் கூடாரம் அடித்தார்கள்.

மெக்சிகோவில் பள்ளிக்கூடம் போன எந்தப் பிள்ளைக்கும் "ஓட மாட்டேன், கத்த மாட்டேன், தள்ள மாட்டேன்" என்ற ஒத்திகை வாசகம் மனப்பாடம். ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 19 அன்று நாடு தழுவிய ஒத்திகை நடக்கிறது. மெக்சிகோ நகருக்கு நிலநடுக்க எச்சரிக்கை ஒலி 1990களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. பசிபிக் கரையில் தொடங்கும் அதிர்வு தலைநகருக்கு வந்துசேர ஒரு நிமிடம் வரை ஆகலாம் என்பதால், கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் வரிசையாக வெளியேறிவிட அவகாசம் உண்டு. கலிபோர்னியாவில் நிலப்பிளவு ஊருக்கு அடியிலேயே ஓடுகிறது. அங்கே சொல்லித்தருவது வேறு: இருந்த இடத்திலேயே குனிந்து, மேசைக்கு அடியில் புகுந்து, அதன் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். வெளியே ஓடுகிறவர் மேல்தான் செங்கல்லும் கண்ணாடியும் விழும். ஆகவே ஒரு நல்ல பயிற்றுநர் வகுப்பை, "உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வியோடு தொடங்குகிறார். பழைய பழக்கம் எங்கே சரி, இங்கே ஏன் ஆபத்து என்பதை அந்தப் பதிலிலிருந்துதான் விளக்க முடியும். ஒன்றும் தெரியாதவர்களாகப் பாவித்துத் தொடங்கும் வகுப்பு அங்கேயே தோற்றுவிடுகிறது.

மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறும் அவசர எச்சரிக்கை முறை அமெரிக்காவில் 2012ல் தொடங்கியது. ஹூஸ்டனிலும் நியூஜெர்சியிலும் இருக்கும் தமிழர்களுக்கும் அந்த ஒலி பழக்கம். தொடக்கத்தில் 90 எழுத்து, ஆங்கிலம் மட்டும். ஸ்பானிஷும் 360 எழுத்துகளும் 2019ல்தான் நடைமுறைக்கு வந்தன. அப்போதும் ஸ்பானிஷ் வாசகத்தை உள்ளூர் அதிகாரியே எழுதி அனுப்ப வேண்டும். நடுநிசியில் அந்த அலுவலகத்தில் ஸ்பானிஷ் தெரிந்த ஆள் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தேசிய வானிலை சேவை 2023ல் கணினி மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் ஒப்பந்தம் முடிந்துபோக, அந்தச் சேவை சில வாரங்கள் நின்றுபோய், பிறகு மீண்டது. டொர்னேடோ பருவத்தின் நடுவே நின்றது என்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

ஸ்பானிஷும் எல்லோருக்கும் போதாது. கலிபோர்னியாவின் வென்சுரா, சோனோமா கவுண்டிகளில் தோட்ட வேலை செய்கிறவர்களில் கணிசமானோர் மெக்சிகோவின் ஓஹாக்கா, கெரேரோ மாநிலங்களின் பூர்வகுடிகள். அவர்கள் பேசுவது மிஸ்தெக்கோ, சப்போத்தெக்கோ, திரிக்கி. குவாத்தமாலாவிலிருந்து வந்தவர்களில் பலருக்கு மாம், கிச்சே போன்ற மாயன் மொழிகளே தாய்மொழி. மிஸ்தெக்கோவிலேயே ஒரு பள்ளத்தாக்கின் பேச்சு அடுத்த பள்ளத்தாக்குக்குப் புரியாது. எழுதிப் படிக்கும் வழக்கம் குறைவான மொழிகள் இவை என்பதால் துண்டுப் பிரசுரம் இங்கே வீண். வாயால் சொல்ல வேண்டும். 2017 டிசம்பரில் வென்சுரா, சாண்டா பார்பரா கவுண்டிகளில் 2,80,000 ஏக்கருக்கு மேல் எரித்த தாமஸ் காட்டுத்தீயின்போது அரசின் அவசரத் தகவல்கள் ஸ்பானிஷிலேயே தாமதமாக வந்தன; பூர்வகுடி மொழிகளில் அந்த அளவும் இல்லை. புகைக்கு நடுவே வயலில் நின்றவர்களுக்கு முகக்கவசம் கொண்டுபோய்க் கொடுத்தது ஆக்ஸ்நார்டில் இயங்கும் மிஸ்தெக்கோ சமூக அமைப்பு முதலான உள்ளூர்க் குழுக்கள். அந்த அமைப்பு நடத்தும் வானொலியின் பெயரே ரேடியோ இண்டிஹெனா, அதாவது பூர்வகுடி வானொலி. மாநிலத் தணிக்கை அலுவலகம் 2019 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை வென்சுரா, சோனோமா, பியூட் ஆகிய மூன்று கவுண்டிகளை ஆராய்ந்து, எளிதில் பாதிக்கப்படக்கூடிய மக்களைக் காக்க அவை போதிய ஏற்பாட்டில் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னது.

மொழியைவிட ஆழமானது பயம். இதை நான் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது மிகையாகத் தோன்றும்.

ஃபீமா என்பது பேரிடர் நிவாரணம் தரும் மத்திய அமைப்பு. ஐஸ் என்பது ஆவணமற்றவர்களைப் பிடித்து நாடுகடத்தும் அமைப்பு. 2003லிருந்து இரண்டும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை என்ற ஒரே துறையின் கீழ்தான் இருக்கின்றன. நிவாரண விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போது, அந்தத் தகவல் துறைக்குள் பகிரப்படலாம் என்ற வாசகமும் கண்ணில் படும். வீடு எரிந்துபோன தாய்க்கு இது எப்படி இருக்கும்? சட்டப்படி பார்த்தால் அவளுக்கு வழி இருக்கிறது. உணவு, குடிநீர், தங்குமிடம் போன்ற உடனடி உதவிக்குக் குடியுரிமை கேட்கப்படாது. பண உதவிக்குக் குடியுரிமையோ தகுதியுள்ள குடியேற்ற நிலையோ வேண்டும். ஆனால் வீட்டில் குடியுரிமை பெற்ற மைனர் பிள்ளை ஒன்று இருந்தால், அதன் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். இந்த விதியை அறியாமல் உதவியை விட்டுவிடுகிற குடும்பங்கள் உண்டு. தெரிந்தும் பயந்து விட்டுவிடுகிற குடும்பங்களும் உண்டு.

பயத்துக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. 2007 அக்டோபரில் சான் டியாகோ காட்டுத்தீயின்போது குவால்காம் மைதானம் மாபெரும் முகாமாக இருந்தது. அங்கிருந்த ஒரு மெக்சிகோக் குடும்பத்தைப் போலீசார் சந்தேகத்தில் விசாரித்து எல்லைக் காவல் படையிடம் ஒப்படைத்தார்கள், அவர்கள் நாடுகடத்தப்பட்டார்கள். ஒரே ஒரு சம்பவம்தான். ஆனால் அது பல வருடம் வாய்வழியாகப் பரவி வாழ்ந்தது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது மேயர் சில்வெஸ்டர் டர்னர், உதவி கேட்டு வந்ததற்காக யாரையாவது நாடுகடத்த முயன்றால் தானே வழக்கறிஞராக நிற்பதாகச் சொன்னார். ஒரு நகரத்தின் தலைவர் அந்த அளவுக்குப் போக வேண்டியிருந்தது என்பதிலிருந்தே மக்களின் அச்சத்தை அளந்துகொள்ளலாம்.

இரண்டே மாதம் கழித்து சோனோமா. 2017 அக்டோபர் 8 இரவு டப்ஸ் காட்டுத்தீ மலையிறங்கி சாண்டா ரோசா நகருக்குள் வந்தது. 22 பேர் இறந்தார்கள். முகாம் வாசலில் சீருடையில் நின்ற தேசியக் காவல் படையினரைப் பார்த்துவிட்டு, பல குடும்பங்கள் காரைத் திருப்பிக்கொண்டு கடற்கரைக்குப் போய்க் காருக்குள்ளேயே இரவைக் கழித்தன. காவல் படையினர் வந்தது பாதுகாப்புக்குத்தான். ஆனால் எந்தச் சீருடை எந்தத் துறையுடையது என்று இருட்டில் நின்று விசாரித்துக்கொண்டிருக்க யாரும் துணியவில்லை. ஆவணமற்ற ஒருவர்தான் தீ வைத்தார் என்று அப்போதே ஒரு பொய்ச் செய்தி பரவ, கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீப் வெளிப்படையாக மறுக்க வேண்டியதாயிற்று.

அந்த நாட்களில் அம்மக்கள் காது கொடுத்தது கேபிபிஎஃப் என்ற வானொலிக்கு. 1973ல் தொடங்கப்பட்ட இது நாட்டின் முதல் இருமொழிப் பொது வானொலி. பணபலம் கிடையாது, பெரும்பாலும் தன்னார்வலர்களால் நடப்பது. கைபேசிக் கோபுரங்கள் பல எரிந்துபோன நிலையில் இந்த நிலையம் செய்தியாளர் கூட்டங்களை ஸ்பானிஷில் சொன்னது, பூர்வகுடி மொழிகளிலும் ஆட்களைக் கூட்டிவந்து பேசவைத்தது. எந்தத் தெருவைக் காலி செய்யச் சொல்கிறார்கள், எந்த முகாமில் காகிதம் கேட்பதில்லை, பள்ளி எப்போது திறக்கும் என்பதெல்லாம் தெரிந்த குரலில், தெரிந்த பேச்சில் வந்தது. நாற்பது வருடமாகக் கேட்ட குரல் என்பதால்தான் அந்த இரவில் அதை நம்பினார்கள். அதே வேகத்தில், நிவாரணம் மறுக்கப்பட்டவர்களுக்காக உள்ளூர் அமைப்புகள் சேர்ந்து ஆவணமற்றோர் நிதி ஒன்றைத் திரட்டின. வென்சுராவிலும் அதேபோன்ற நிதி பின்னர் உருவானது. 2019 அக்டோபரில் சோனோமாவில் கின்கேட் காட்டுத்தீ வந்தபோது ஏறக்குறைய 1,80,000 பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. எச்சரிக்கைகள் இம்முறை ஸ்பானிஷிலும் போயின. உயிர்ச்சேதம் இல்லை. அதற்குக் காரணங்கள் பல. மக்களிடம் நேரடியாகப் போன இரண்டு வருட உழைப்பும் அவற்றில் ஒன்று என்றே நான் நினைக்கிறேன்.

கலிபோர்னியாவில் இந்த உழைப்புக்கு ஒரு வடிவம் உண்டு. லிஸ்தோஸ் என்ற பெயரில் சாண்டா பார்பரா பகுதியில் ஸ்பானிஷ் பேசுவோருக்காகத் தொடங்கிய எளிய பயிற்சியை மாநில அரசு 2019ல் 5 கோடி டாலர் ஒதுக்கி மாநிலம் முழுவதற்குமாக விரித்தது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு உள்ளூர் அமைப்புகளுக்குப் போனது. அதே ஆண்டு வந்த ஒரு சட்டம், கவுண்டிகள் தங்கள் அவசரகாலத் திட்டத்தை எழுதும்போது வெவ்வேறு பண்பாட்டுச் சமூகங்களையும் கலந்துகொள்ள வேண்டும் என்றது.

களத்தில் இதைச் செய்கிறவர்கள் ப்ரொமோத்தோராக்கள். அந்தத் தெருவிலேயே வாழும் பெண்கள். சர்க்கரை நோய், கர்ப்பகாலக் கவனிப்பு என்று பல வருடமாக வீடு வீடாகப் போய்ப் பேசுகிறவர்கள். வகுப்பு பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டு வரவேற்பறையில், இல்லையென்றால் ஞாயிறு பூசைக்குப் பிறகு ஆலயக் கூடத்தில். அரசின் பட்டியல் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர், குறைந்தது மூன்று நாளைக்கு உணவு என்று தொடங்குகிறது. ஒரு அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில், வாரக்கூலியில் நாள் ஓட்டுகிற குடும்பத்தில், அதை எங்கே வைப்பது, எதைக் கொண்டு வாங்குவது? எனவே வாரம் ஒரு டின் பீன்ஸ் கூடுதலாக வாங்கி ஓரமாக வையுங்கள், காலி பால் கேனைத் தூக்கிப் போடாதீர்கள் என்ற மட்டத்தில் பேச்சு இறங்குகிறது. பிறகு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தூதரகம் தந்த அடையாள அட்டை, வாடகை ரசீது, தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டு, கொஞ்சம் சில்லறை நோட்டு. வீடு எரிந்துவிட்டால் அங்கே குடியிருந்ததை நிரூபிக்க அந்த ரசீது வேண்டும்.

இந்த இடத்தில் வகுப்பின் பேச்சு தானாகவே வேறொன்றுக்குத் திரும்புகிறது. பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்துவர அம்மா அப்பாவால் முடியாமல் போனால் யார் போவது? பள்ளிக் கோப்பில் அவர் பெயர் இருக்கிறதா? தீயால் சாலை அடைபட்டாலும் இந்தக் கேள்விதான். வேலைத்தளத்தில் ஐஸ் பிடித்துக்கொண்டு போனாலும் இந்தக் கேள்விதான். அதே பிளாஸ்டிக் உறைதான் இரண்டுக்கும். குடியேற்றச் சட்ட உதவி அமைப்புகள் தரும் குடும்ப முன்னேற்பாட்டுப் படிவத்தையும் பேரிடர் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் கேள்விகள் ஒன்றேதான். இரண்டையும் தனித்தனித் துறையாகப் பிரித்து வைத்திருப்பது அரசின் வசதி. அந்தத் தாய்க்கு இரண்டும் ஒரே கவலை.

இந்த நிலையில் 2025ல் நடந்தவை கவலை தருகின்றன. பேரிடர் நிவாரணம் நடக்கும் இடங்களில் குடியேற்றக் கைதுகளைத் தவிர்க்க வேண்டும் என்று 2021 அக்டோபரில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஓர் உத்தரவு போட்டிருந்தது. 2025 ஜனவரியில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆங்கிலம் போதிய அளவு அறியாதவர்களுக்கு மத்திய அரசு அலுவலகங்கள் மொழி வசதி செய்துதர வேண்டும் என்ற 2000ஆம் ஆண்டின் அதிபர் ஆணை, 2025 மார்ச் 1 அன்று ரத்தானது. முகாமுக்கு வாருங்கள், யாரும் காகிதம் கேட்க மாட்டார்கள் என்று ஒரு ப்ரொமோத்தோரா இனி எந்தத் தைரியத்தில் உறுதி தருவார்? உறுதி தந்து அது பொய்த்தால், தெருவில் பல வருடமாக அவர் சேர்த்த நம்பிக்கையும் அன்றோடு போய்விடும். மத்திய அரசின் சொல்லுக்கு உள்ளூர்ப் பெண்களைப் பிணையாக நிறுத்துவது நியாயமில்லை. இப்போது செய்யக்கூடியது, ஆலயம், பள்ளி, தொழிற்சங்க அலுவலகம் போன்ற இடங்களைச் சமூக அமைப்புகளின் பொறுப்பில் முகாமாக முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைப்பது. செலவைக் கவுண்டி ஏற்கலாம்.

வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இன்னொன்று விடுபட்டுப்போகும். இவர்களில் பலரைப் பேரிடர் பிடிப்பது வேலை செய்யும் இடத்தில். 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயலின் மழையில் டென்னசி மாநிலம் எர்வின் ஊரில் நோலிச்சக்கி ஆறு கரை உடைத்தது. அங்கிருந்த ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையின் ஊழியர்கள் லாரி ஒன்றின் மேல் ஏறித் தப்பிக்க முயன்றார்கள். தொழிற்சாலையோடு தொடர்புடைய ஆறு பேர் வெள்ளத்தில் போனார்கள். லத்தீனோக்கள் அதில் பலர். நேரத்தோடு வெளியே விட்டார்களா என்பதில் குடும்பங்கள் வழக்குத் தொடுத்திருக்கின்றன, நிறுவனம் மறுக்கிறது. தீர்ப்பு எப்படி வந்தாலும், கையில் இருக்கும் போனில் எச்சரிக்கை வந்த பிறகும் மேற்பார்வையாளர் முகத்தைப் பார்த்துவிட்டே கிளம்பவேண்டிய நிலையில் இருப்பவருக்கு, அந்த எச்சரிக்கை எந்த மொழியில் வந்தால் என்ன?

கலிபோர்னியா இதில் இரண்டு காரியம் செய்திருக்கிறது. காற்றுத் தரக் குறியீடு 151ஐத் தொட்டால் வெளியே வேலை செய்பவர்களுக்கு முதலாளி முகக்கவசம் தரவேண்டும், பயிற்சியை அவர்களுக்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என்ற விதி 2019 ஜூலையில் வந்தது. 2023 ஜனவரியிலிருந்து அமலில் உள்ள இன்னொரு சட்டம், அவசரநிலையில் இடம் பாதுகாப்பில்லை என்று நியாயமாக நம்பி வேலையை விட்டு வெளியேறும் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. உதவி தேடவோ நிலைமையை அறியவோ அவர் போனைப் பயன்படுத்துவதைத் தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. விதிவிலக்குகள் இருந்தாலும் நல்ல சட்டம். இதே மாநிலத்தில்தான், ஊரே காலி செய்யப்பட்ட பகுதிக்குள் திராட்சை பறிக்க ஆட்களை அனுமதிக்கும் விவசாயப் பாஸ் முறையும் இருக்கிறது. சோனோமாவில் தொழிலாளர் அமைப்புகள் 2021லிருந்து அதற்கு எதிராகக் குரல் கொடுத்தன: பூர்வகுடி மொழிகளில் பயிற்சி கொடு, ஆபத்துக்கு ஏற்ற கூலி கொடு, புகைக்குள் அனுப்புவதற்கு முன் வெளியேறும் வழியைக் காட்டு என்று கேட்டன. கவுண்டி சில திருத்தங்களைச் செய்தது. ஆபத்துக் கூலி அந்த விதிகளில் முழுமையாக இடம்பெறவில்லை. அறுவடைக் காலமும் காட்டுத்தீக் காலமும் சோனோமாவில் ஒரே மாதங்களில் வருகின்றன, ஆகவே இந்தப் பேச்சுவார்த்தை ஒவ்வொரு ஆகஸ்டிலும் திரும்ப எழுகிறது.